மேகி தடையை ஐகோர்ட் ரத்து செய்தது ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

2015 ஜூன் 5 அன்று, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., ஈயம் வரம்பை மீறி இருப்பதாகச் சொல்லி மேகி நூடுல்ஸின் 9 வகைகளுக்கும் நாடு முழுக்கத் தடை போட்டது. மறுநாள் மகாராஷ்டிர அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையரும் தன் மாநிலத்துக்குத் தனி உத்தரவு போட்டார். மேகியைத் தயாரிக்கும் நெஸ்லே கம்பெனி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்ட் 13 அன்று நீதிபதிகள் வி.எம். கனடே, பி.பி. கொலாபாவாலா அமர்வு இரண்டு உத்தரவுகளையும் ரத்து செய்தது. ஆண்டுகள் பல ஆகியும் இந்தத் தீர்ப்பைப் பற்றிய கேள்விகள் நிற்கவில்லை. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கோர்ட்டே தடையை நீக்கிவிட்டது என்றால், மேகியில் ஈயம் இல்லை என்று கோர்ட் சான்று கொடுத்துவிட்டதாகத்தானே பொருள்? (திருச்சி வாசகர்)

இல்லை. இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பரவியிருக்கும் பெரிய தவறான எண்ணமே இதுதான். தடையை ரத்து செய்த அன்றைக்கே மேகியை விற்க நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. கைவசம் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த மாதிரிகளில் ஒவ்வொரு வகையிலும் ஐந்தை எடுத்து ஹைதராபாத், மொஹாலி, ஜெய்ப்பூர் ஆகிய மூன்று ஊர்களில் உள்ள அங்கீகாரம் பெற்ற லேப்களுக்கு அனுப்பச் சொன்னது. ஆறு வாரத்துக்குள் ரிப்போர்ட் வர வேண்டும். ஈயம் வரம்புக்குள் இருந்தால் மட்டுமே கம்பெனி மறுபடி உற்பத்தி தொடங்கலாம். அப்படிப் புதிதாகச் செய்த சரக்கையும் அதே லேப்களில் சோதித்து, அதிலும் தேறிய பிறகுதான் கடைக்கு அனுப்பலாம்.

அக்டோபரில் வந்த ரிப்போர்ட்டுகளில் 90 மாதிரிகளும் வரம்புக்குள் இருந்தன. புதுச் சரக்கும் தேறியது. நவம்பர் 9 அன்று மேகி மறுபடி கடைக்கு வந்தது. பாதுகாப்பானது என்று சொன்னவை லேப்கள். அரசு தடை போட்ட விதம் சட்டப்படி செல்லாது என்பதுதான் கோர்ட் சொன்னது. இரண்டையும் போட்டுக் குழப்பினால் தீர்ப்பின் பாடமே கைநழுவிவிடும்.

ஒரு லேப் 17.2 பி.பி.எம். ஈயம் என்கிறது, இன்னொன்று வரம்புக்குள் என்கிறது. ஒரே பொருளுக்கு எப்படி இரண்டு முடிவு? யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதானே தோன்றும்? (சேலம் வாசகி)

யாரும் பொய் சொல்லாமலேயே இப்படி நடக்கும். உணவுச் சோதனையில் வழுக்குகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் அளவு. பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம். அப்போதைய விதிப்படி இந்த வகை உணவுக்கு ஈயத்தின் வரம்பு 2.5 பி.பி.எம். 70 கிராம் பாக்கெட் ஒன்றுக்கு இது 0.175 மில்லிகிராம்தான். இவ்வளவு நுண்ணிய அளவைப் பிடிக்க வேண்டுமென்றால் மாதிரியை நைட்ரிக் அமிலத்தில் முழுக்கக் கரைத்து, கருவியில் ஏற்றி அளக்க வேண்டும். அமிலம் போதிய தூய்மை இல்லாமல் இருந்தாலோ, கண்ணாடிக் குடுவையைச் சரியாகக் கழுவாவிட்டாலோ, லேப் தூசி விழுந்தாலோ, வெளியிலிருந்து வந்த ஈயமும் உணவின் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் நல்ல லேப்பில் உணவே போடாத வெறும் அமிலத்தையும் கூடவே ஓட்டிப் பார்ப்பார்கள். தெரிந்த அளவு ஈயத்தைத் தாங்களே சேர்த்து, அதே அளவு திரும்ப வருகிறதா என்றும் பார்ப்பார்கள். இந்த இரண்டு சரிபார்ப்பும் பதிவாகாத எண்ணை நம்ப முடியாது.

லேப் அங்கீகாரம் என்பது இதற்காகத்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, லேப்களின் தகுதியைச் சோதித்து அங்கீகரிக்கும் என்.ஏ.பி.எல். போன்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்று, ஆணையமும் அறிவித்த லேப்பின் ரிப்போர்ட்தான் செல்லும். அங்கீகாரமும் மொத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. கிருமிச் சோதனைக்கு அங்கீகாரம் வாங்கிய லேப் ஈயத்தை அளந்து கொடுத்தால் அது எடுபடாது. மேகி விஷயத்தில் அரசு காட்டிய ரிப்போர்ட்டுகளைக் கொடுத்த லேப்களுக்கு இந்தத் தகுதி இல்லை என்று நீதிமன்றம் கண்டது.

அடுத்தது, மாதிரி போன பாதை. எல்லாவற்றுக்கும் தொடக்கம் 2014 மார்ச்சில் உத்தரப் பிரதேசம் பாராபங்கியில் ஒரு கடையில் எடுத்த பாக்கெட். அது முதலில் கோரக்பூர் லேப்புக்கும் பிறகு கொல்கத்தாவின் மத்திய லேப்புக்கும் போனது. 17.2 என்ற எண் வந்தது 2015 ஏப்ரலில். ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இடையில் அது எங்கே, எந்த நிலையில், யார் பொறுப்பில் இருந்தது என்பதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் பதிவு இல்லையென்றால், கருவி காட்டிய எண் சரியாகவே இருந்தாலும் அது கடையில் இருந்த நூடுல்ஸைப் பற்றிய எண்தானா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவது சிக்கல், எதைச் சோதிப்பது என்பது. பாக்கெட்டுக்குள் நூடுல்ஸ் கட்டி ஒன்று, மசாலாப் பொட்டலம் ஒன்று. கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம்: 8 கிராம் மசாலாவில் 10 பி.பி.எம். ஈயம், 62 கிராம் கட்டியில் 0.2 பி.பி.எம். மசாலாவைத் தனியாகச் சோதித்தால் வரம்பைப் போல நான்கு மடங்கு. சந்தேகமே இல்லாமல் தோல்வி. இரண்டையும் கலந்து சோதித்தால் 70 கிராமில் மொத்தம் 0.0924 மில்லிகிராம், அதாவது சுமார் 1.3 பி.பி.எம்.; தேர்ச்சி. சமைத்துச் சாப்பிடும் நிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று கம்பெனி வாதிட்டது. தனிப் பொட்டலமாக இருப்பதைத் தனியாகத்தான் சோதிப்போம் என்றது ஆணையம். எங்கள் கருத்தில் ஆணையத்தின் வாதத்தில் நியாயம் இருக்கிறது; மசாலாவை மட்டும் எடுத்து உப்புமாவிலும் முட்டையிலும் தூவுகிறவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. ஆனால் அப்படிச் சோதிப்பதென்றால் அதை முன்கூட்டியே விதியில் எழுதிவைத்திருக்க வேண்டும்.

மக்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உடனே தடுக்க வேண்டாமா? நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி, நிதானமாகவா தடை செய்வது? (மதுரை வாசகர்)

உடனே தடுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 34-ஆம் பிரிவின்படி, உடல்நலத்துக்கு ஆபத்து என்று நியமன அலுவலர் (மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்புப் பொறுப்பு அதிகாரி) கருதினால் அவசரத் தடை நோட்டீஸ் கொடுத்து ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம். 30-ஆம் பிரிவின்படி மாநில ஆணையர் பொதுச் சுகாதாரத்துக்காக ஒரு பொருளைத் தன் மாநிலத்தில் ஓராண்டு வரை தடுத்து வைக்கலாம். 2015 ஜூனில் தமிழ்நாடும் மேகி உள்பட நான்கு கம்பெனிகளின் நூடுல்ஸை மூன்று மாதத்துக்குத் தடை செய்தது நினைவிருக்கும்.

மத்திய ஆணையத்தின் உத்தரவு இந்தப் படிகள் எதிலும் ஒழுங்காக ஏறவில்லை. தடையையும் போட்டுவிட்டு, அதே உத்தரவில் 15 நாளில் விளக்கம் கொடு என்றது. மூன்று வகைகளின் சோதனை முடிவுகளை வைத்து ஒன்பது வகைகளையும் நிறுத்தியது. மற்ற ஆறும் ஏன் என்பதற்குக் காரணம் எழுதவில்லை. கம்பெனி தானாகவே சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் வழக்கே நிற்காது என்றும் அரசுத் தரப்பு வாதிட்டது, அதுவும் எடுபடவில்லை.

அவசரம் என்பதற்காகக் காரணம் எழுதுவதை விட்டுவிட முடியாது. சோதித்த பேட்ச் எது, லேப் எது, அளவு எவ்வளவு, வரம்பு எவ்வளவு, மற்ற வகைகளையும் சேர்த்து நிறுத்துவது ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அந்த ஒரு பக்கம் இல்லாததால், நாளைக்கு நிஜமாகவே விஷம் கலந்த பொருள் வந்தாலும் அதன் முதலாளி இதே தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தப்பிப்பார். முறையை மீறிய தடையால் கடைசியில் நஷ்டப்படுவது சாப்பிடுகிறவர்கள்தான் என்பதே எங்கள் வருத்தம்.

அஜினோமோட்டோ விவகாரம் என்ன ஆயிற்று? (நாகர்கோவில் வாசகி)

பாராபங்கியில் முதலில் மாட்டியதே அதுதான். அஜினோமோட்டோவின் வேதிப் பெயர் மோனோசோடியம் குளூட்டமேட், சுருக்கமாக எம்.எஸ்.ஜி. பாக்கெட்டின் மேல் 'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை' என்று அச்சிட்டிருந்தார்கள், சோதனையில் எம்.எஸ்.ஜி. தெரிந்தது. கம்பெனி சொன்ன விளக்கம்: கோதுமை மாவு, வெங்காயத் தூள், பதப்படுத்திய நிலக்கடலைப் புரதம் ஆகியவற்றிலேயே குளூட்டமேட் இயல்பாக இருக்கிறது. அது உண்மை. இயல்பாக இருந்ததையும் வெளியிலிருந்து போட்டதையும் லேப் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாதம் அவர்களுக்கு எதிராகவும் திரும்பும். பிரிக்க முடியாத ஒன்றைப் பற்றி, 'சேர்க்கவில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்றால், வாங்குகிறவர் 'இதில் எம்.எஸ்.ஜி.யே இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்வார். 2016 மார்ச் 31-இல் ஆணையம் இதைத் தெளிவாக்கியது: நூடுல்ஸ், பாஸ்தா பாக்கெட்டில் அப்படி அச்சிட்டிருந்து, சோதனையிலும் எம்.எஸ்.ஜி. தெரிந்தால் மட்டும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

வீட்டிலேயே சாம்பார் பொடி, இட்லிப் பொடி அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். அதிகாரி வந்து மாதிரி எடுத்தால் நான் என்னென்ன பார்க்க வேண்டும்? பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், எனக்கு யார் இருக்கிறார்கள்? (ஈரோடு வாசகி)

சட்டம் உங்களுக்கும் அதேதான் அம்மா. மாதிரி எடுக்கிற அந்த அரை மணி நேரத்தில் கவனமாக இருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் முதலில் 5-ஏ படிவத்தில் நோட்டீஸ் தர வேண்டும். எடுக்கும் பொருளுக்கு வழக்கமான விற்பனை விலையைக் கொடுக்க வேண்டும். ரசீதில் கையெழுத்து கேட்டால் பணம் வாங்கிய பிறகே போடுங்கள். சாட்சி வைத்துத்தான் எடுக்க வேண்டும். பொடி பெரிய டின்னில் இருந்தால் நன்றாகக் கலந்துவிட்டுப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள். மேலாக இருப்பதில் கரகரப்பும் உப்பும் ஒரு மாதிரி இருக்கும், அடியில் வேறு மாதிரி.

எடுத்ததை நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். சுத்தமான, ஈரமில்லாத புட்டியில் போட்டு, இறுக்கி மூடி, கெட்டித் தாளில் சுற்றி, நூல் கட்டி, முடிச்சுகளின் மேல் அரக்கு முத்திரை வைப்பார்கள். நியமன அலுவலரின் கையெழுத்தும் குறியீட்டு எண்ணும் உள்ள சீட்டு ஒட்டப்படும். உங்கள் கையெழுத்து பாதி அந்தச் சீட்டிலும் பாதி சுற்றிய தாளிலும் விழும்படி போடச் சொல்வார்கள். இடையில் யாராவது பிரித்தால் கையெழுத்து முறிந்து காட்டிக்கொடுக்கும். முத்திரை வைக்காத புட்டிக்கோ வெற்றுத் தாளுக்கோ கையெழுத்துப் போடாதீர்கள். குறியீட்டு எண்ணை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு பங்கில் ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். நம் மாநிலத்தில் கிண்டி, சேலம், கோயம்புத்தூர், மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. இரண்டு பங்கு நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவது பங்கைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். அதை அங்கீகாரம் பெற்ற தனியார் லேப்புக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்கலாம், செலவு உங்களுடையது. அங்கேயே, அப்போதே, எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது பதிவில் ஏறாது. இரண்டு ரிப்போர்ட்டும் முரண்பட்டால் நியமன அலுவலர் தன்னிடம் உள்ள பங்கை மேல்நிலை லேப்புக்கு அனுப்புவார். அதன் முடிவே இறுதி.

பகுப்பாய்வாளர் 14 நாளில் ரிப்போர்ட் தர வேண்டும். முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டும். ரிப்போர்ட் உங்களுக்கு எதிராக வந்தால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 8-ஆம் படிவத்தில் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். இந்த 30 நாளைத் தவறவிட்டவர்கள்தான் பிறகு அபராதம் கட்டுகிறார்கள்.

ரிப்போர்ட்டில் எந்த வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். 'தரம் குறைந்தது' என்றால் 5 லட்சம் வரை, 'தவறான லேபிள்' என்றால் 3 லட்சம் வரை அபராதம். இவை மாவட்ட வருவாய் அலுவலர் முன் முடியும். 'பாதுகாப்பற்றது' என்றால் கிரிமினல் வழக்கு. யாருக்கும் பாதிப்பு ஏற்படாத நிலையிலும் மூன்று மாதம் வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம் உண்டு. அந்த வார்த்தையைப் பார்த்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

உங்கள் பொடியைக் கடையில் எடுத்திருந்தாலும், லேபிளில் உங்கள் பெயர் இருந்தால் நோட்டீஸ் நகல் உங்களுக்கும் வர வேண்டும். அதனால் ஒவ்வொரு அரைப்பிலும் ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல், பேட்ச் நம்பர் போட்டு, காலாவதி தேதி தாண்டும் வரை எடுத்து வையுங்கள். மிளகாய், மஞ்சள் வாங்கிய பில்லையும் அதே பேட்ச் நம்பரோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். சிறு தொழில்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

வாங்கிய பாக்கெட்டில் சந்தேகம் இருந்தால் நானே சோதனைக்குக் கொடுக்க முடியுமா? (கும்பகோணம் வாசகர்)

முடியும். 40-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கட்டணம் கட்டினால் உணவுப் பகுப்பாய்வாளர் சோதித்து ரிப்போர்ட் தருவார். பொருள் தவறு என்று தெரிந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: வாங்கும்போதே கடைக்காரரிடம் 'இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்துப் பார்த்துவிட்டு, பிறகு தூக்கிக்கொண்டு போனால் இந்தப் பிரிவு உதவாது.

அந்த நிலையில் செய்ய வேண்டியது: பிரித்த பாக்கெட்டின் வாயை மூடி வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள். அதே கடையில் அதே பேட்ச் நம்பரில் பிரிக்காத பாக்கெட் ஒன்றைப் பில்லோடு வாங்குங்கள். பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, 14 இலக்க உரிம எண் மூன்றும் தெரியும்படி படம் எடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கோ 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' தளத்துக்கோ புகார் கொடுங்கள். அலுவலர் கடைக்குப் போய்ச் சட்டப்படி எடுக்கும் மாதிரிதான் வழக்கில் நிற்கும். பணம் திரும்பப் பெறுவது மட்டும் நோக்கமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 போதும்.

அந்த 14 இலக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வணிகப் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமம் என்றால் 00. எங்கே புகார் கொடுப்பது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

சென்னை ஐகோர்ட் குட்கா தடையை ரத்து செய்ததும் இதே காரணத்துக்காகவா? (கடலூர் வாசகர்)

கேள்வி வேறு. மேகியில் சோதனையும் நோட்டீஸும்தான் பிரச்சினை. குட்காவில் அதிகாரத்தின் எல்லை. 30-ஆம் பிரிவு தருவது ஓராண்டுத் தடை. தமிழ்நாட்டில் 2013 முதல் ஆண்டுதோறும் அறிவிக்கை போட்டுப் போட்டு அதை நிரந்தரமாகவே நடத்தினார்கள். தற்காலிக அதிகாரத்தை வைத்து நிரந்தரத் தடை கொண்டுவர ஆணையருக்கு உரிமையில்லை என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது; மாநில அரசு புதிய அறிவிக்கை வெளியிட்டது. குட்கா எவ்வளவு கெடுதல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதனால்தான் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் அறிவிக்கையை நம்பியிருக்காமல், சட்டசபையில் தனிச் சட்டம் கொண்டுவந்து தடுப்பதே உறுதியான வழி என்று நினைக்கிறோம்.

ஒன்பது வகையில் ஓட்ஸ் நூடுல்ஸுக்கு மட்டும் தனிப் பிரச்சினை என்று படித்தேனே? (கோவை வாசகி)

ஆமாம். அதற்கு ஆணையத்தின் முன் ஒப்புதல் வாங்காமலே சந்தைக்கு விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆனால் அந்த ஒப்புதல் முறையையே ஆணையம் வெறும் அறிவுரைச் சுற்றறிக்கை மூலம் நடத்திவந்தது. சட்டப்படி விதி இயற்றி நாடாளுமன்றத்தில் வைக்காத சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் வலு கிடையாது என்று 2014-இல் வேறொரு வழக்கில் இதே பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. மேகி தீர்ப்பு வந்து ஆறாம் நாள், 2015 ஆகஸ்ட் 19 அன்று, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரே வாரத்தில் ஆணையம் அந்த முறையைக் கைவிட்டது. முறைப்படியான விதிமுறை வந்தது 2017-இல்தான்.

640 கோடி ரூபாய் கேட்டு மத்திய அரசு போட்ட வழக்கு? (வேலூர் வாசகர்)

நுகர்வோர் சார்பில் நெஸ்லே மீது அரசே தேசிய நுகர்வோர் ஆணையத்தில் போட்டது அது. இடையில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்து, 2019 ஜனவரியில் மறுபடி நடக்கவிட்டது. மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் லேப்பில் செய்த சோதனையிலும் ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. 2024 ஏப்ரல் 2 அன்று வழக்கு தள்ளுபடி ஆனது.